கூரையை ஒட்டாதவர்

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருந்தவர் எந்த வாடிக்கையாளருக்கும் அசையாதவர். எங்கள் ஆபீஸ் அக்காவின் தலை தெரிந்தால் மட்டும், சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே நழுவிவிடுவார். காலை பத்து மணிக்குக்கூட அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். ஒரு அட்டை வாங்க வந்து ஒன்பது அட்டையை நக்கிப் பார்க்கிறவரிடமிருந்து வேறு எப்படித் தப்பிப்பது?

நக்குவது என்றால் நிஜமாகவே நக்குவதுதான். அட்டையின் ஓரத்தில் விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழிப்பார். அதன் ஒரு பக்கத்தை நாக்கில் ஈரமாக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்பார். துண்டு எப்படிச் சுருள்கிறது என்பதைப் பார்த்து, அட்டைக்குள் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். நார் ஓடுகிற திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் விளிம்பு வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை பல்லிளிக்கும். கடைக்காரர் பெருமையோடு நீட்டும் வழவழப்பான அட்டையை அவர் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மேலே பூச்சு இருந்தால் பசை உள்ளே இறங்காது என்பது அவர் கட்சி. கடைசியில் அவர் சுமந்துகொண்டு வருவது புடவைப் பெட்டி செய்கிற சாம்பல் நிற அட்டையாக இருக்கும். பார்க்க அழுமூஞ்சி. ஆனால் மடித்த இடத்தில் நிற்கும், ஒட்டிய இடத்தில் ஒட்டும்.

நான் சொல்வது எழுபதுகளில் நடந்தது. கட்டட என்ஜினியர் ஒருவர் திருப்பதியில் சொந்தமாக ஆபீஸ் வைத்திருந்தார். அங்கே நான் டிராஃப்ட்ஸ்மேன், அக்கா டிரேசர். நான் பென்சிலில் போடுகிற பிளான்மேல் டிரேசிங் தாளை விரித்து மையில் நகல் எடுப்பது அவர் வேலை. அது பாதி நாளுக்கு. மீதிப் பாதியில் அவர் மாடல் செய்வார். கட்டப்போகிற சத்திரத்தையோ பள்ளிக்கூடத்தையோ, ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் அட்டையில் எழுப்பி மேஜைமேல் வைத்துவிடுவார். கட்டச் சொன்னவர்களுக்கு என் பிளானில் கோடுதான் தெரியும், அக்காவின் அட்டையில்தான் வீடு தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குடிபாலாக்காரர், பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். வாரநாட்களில் திருப்பதியில் ஒரு அறையில் தங்கியிருப்பார். சனிக்கிழமை மத்தியானம் சித்தூர் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஊருக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அவர் தவறவிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், படித்த திமிர் வற்றாதவன். நான் அவரை அக்கா என்பேன். வேலையில் நான் ஒரு படி மேல் என்பதால் அவர் என்னை சார் என்பார்.

மூடி வைத்த எதுவும் அவருக்கு ஆகாது. இதை நான் முதலில் பார்த்தது அவருடைய புடவையில். மாதக் கணக்கில் ஒரே சாம்பல் நிறப் புடவையைத் துவைத்துத் துவைத்து உடுத்துவார். அதில் ஒரு கிழிசல், அழகாகத் தைத்திருப்பார். யாராக இருந்தாலும் அதைக் கொசுவத்துக்குள் தள்ளிவிடுவார்கள். அவர் அதைத் தோளில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு வருவார். நான் ஒருமுறை ஜாடையாகச் சொன்னேன். தைத்ததுதானே, திருடியதில்லையே என்று சொல்லிவிட்டு மைக்கூட்டைத் திறந்தார்.

பங்காருபாளையத்தில் ஒரு கட்டட வேலையைப் பார்க்கப் போனபோது சாலையோரத்தில் மாம்பழக் கூடை. மேலே இருந்த பழங்கள் மஞ்சளாகச் சிரித்தன. அக்கா விலைகூடக் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையை அப்படியே சாக்கின்மேல் கவிழ்த்துவிட்டார். விற்ற அம்மாள் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்த வசவுகளை இங்கே எழுத முடியாது. அக்கா அத்தனையையும் கேட்டுக்கொண்டு, அடியில் கிடந்ததிலிருந்து பத்துப் பழம் பொறுக்கினார். நல்லதெல்லாம் அடியில்தான் இருந்தது என்பது வேறு விஷயம். அந்த அம்மாள் அவசரத்தில் கூடையைத் தலைகீழாக அடுக்கியிருந்தாள் போலிருக்கிறது.

சிரித்துவிட்டேன். ஆனால் எல்லா இடத்திலும் சிரிக்க முடியாது. அவரைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்த கதையை அவரே ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து, காப்பி இன்னும் வரவில்லை. இவர் வாசற்படியில் நின்றபடியே தமக்கு இடது காது சரியாகக் கேட்காது என்று சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். எதற்கு அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தீர்கள் என்று நான் கோபப்பட்டேன். எனக்கு உண்மையாகவே கோபம்.

"அப்பறமா தெரிஞ்சா அவரு ஏமாந்த மாதிரி இருக்கும் இல்ல சார்" என்றார். "எங்க நைனாகூட அன்னிக்குத் துன்னாம படுத்துட்டாரு. இன்னா பண்றது, காது கேக்காதது கேக்காததுதானே."

அவர் மாடல் செய்கிற முறையும் இதுதான். சுவரும் சுவரும் சேரும் மூலையில் இடைவெளி விழுந்தால், மற்றவர்கள் சாக்கட்டித் தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. அக்கா அந்த மூலையைப் பிரித்துவிட்டுப் புதுச் சுவர் வெட்டுவார். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் ஒரே ஒரு தரம் இழுப்பார், இரண்டாவது இழுப்பு கிடையாது. வண்ணத்துக்கு முன்னால் நீர்த்த பசையை முழுக்கப் பூசிக் காயவைப்பார். வண்ணம் பூசுவது எல்லாம் முடிந்தபிறகுதான். அதுவரைக்கும் தப்பு தப்பாகவே தெரியட்டும் என்பார்.

சில சத்திரக்காரர்கள் மாடலைச் சுற்றி நிறைய மரம் வைக்கச் சொல்வார்கள். காய்ந்த பீர்க்கங்காய் நாரைப் பச்சைச் சாயத்தில் முக்கி அவர் செய்கிற மரத்தைத் தொட்டுப் பார்க்காதவர்கள் கிடையாது. ஆனாலும் இரண்டு மரத்துக்குமேல் வைக்கமாட்டார். கட்டடத்தில் குற்றம் இருந்தால்தான் மரம் நிறைய வேண்டியிருக்கும் என்று சத்திரக்காரரின் முகத்துக்கு நேராகச் சொல்லி, என்ஜினியரை இருமவைத்திருக்கிறார்.

என்ஜினியருக்கு அவர்மேல் ஒரே ஒரு குறை. கூரை போட்டு மூடிவிடப்போகிற மாடலுக்குள் அக்கா மாடிப்படி வைப்பார், சமையலறையில் அடுப்பு வைப்பார், கதவைத் திறந்து மூடுகிற மாதிரி வைப்பார். கூரையையும் ஒட்டாமல் மூடி மாதிரி எடுத்துவிடும்படி செய்வார். இரண்டு நாள் கூடுதலாக ஆகும். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று என்ஜினியர் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

"உள்ளதான் சார் ஆளுங்க இருக்கப் போறாங்க" என்றார் அக்கா.

அப்போதுதான் சித்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் பிரசவ வார்டு கட்டும் வேலை வந்தது. பிளான் முழுக்க என்னுடையது. என்ஜினியர் பார்த்துத் தலையாட்டிவிட்டார். அதுவரை தாளின் மூலையில் 'வரைந்தவர்' என்ற இடத்தில்தான் என் இனிஷியல் இருக்கும். இந்தத் தடவை 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் போட்டுக்கொள் என்று அவரே சொன்னார். எனக்குத் தரையில் கால் படவில்லை. நகரிக்குக் கடிதம்கூடப் போட்டுவிட்டேன். கட்டடக் கமிட்டியார் திங்கட்கிழமை சித்தூரில் மாடலைப் பார்ப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை என்ஜினியர் மதராஸ் போயிருந்தார். அக்கா என்னைத் தம் மேஜைக்குக் கூப்பிட்டார். மாடல் முடிந்திருந்தது. கூரை பக்கத்தில் தனியாக இருந்தது. வராந்தாவில் ஒரு அட்டை ஸ்ட்ரெச்சர் வண்டி, ஆறரை அடிக்கு இரண்டு அடி, அளவு பிசகாமல். அதன்மேல் தாளைச் சுருட்டிச் செய்த ஒரு பெண் படுத்திருந்தாள். வயிற்றுக்கு ஒரு துவரம்பருப்பை ஒட்டியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. பென்சில் முனையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். பிரசவ அறைக்குத் திரும்பும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. வாசலுக்கு எதிரே நான் வைத்திருந்த தூணில் தலைமாடு இடித்தது. பின்னால் இழுத்துத் தள்ளினார். கால்மாடு கதவு நிலையில் இடித்தது.

"நாலு தரம் பாத்துட்டேன் சார். திரும்ப மாட்டேங்குது. வலி எடுத்துக்கினு இருக்கிறவளைக் கீழ எறக்கித்தான் உள்ள தூக்கிக்கினு போவணும்."

என் பிளானில் அந்தத் தூண் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். ஐந்தடி வராந்தாவில் அது ஒன்றரை அடியைத் தின்கிறது என்பது எனக்குத் தெரியும். அது ஒரு பெண்ணின் வழியில் நிற்கிறது என்பது தெரியவில்லை. தூணை நகர்த்தினால் உத்தரம் நகரும், உத்தரம் நகர்ந்தால் பன்னிரண்டு தாளும் திரும்பப் போடவேண்டும். எனக்கு முன்னால் இருந்த டிராஃப்ட்ஸ்மேன் ஒரு அளவுத் தப்புக்காகத்தான் வீட்டுக்குப் போனார். நான் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கட்டும்போது பாத்துக்கலாம் அக்கா."

எங்கள் தொழிலில் பாதித் தப்புகள் இந்த வாக்கியத்தில்தான் பிறக்கின்றன. அஸ்திவாரக் கோடு போட்டபிறகு தூணை நகர்த்த எவனும் சம்மதிக்கமாட்டான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"திங்கக்கெழமை நீங்களே கூரையைத் தூக்கிக் காட்டிடுங்க சார். கண்டுபிடிச்சது நீங்கன்னே இருக்கட்டும்." சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை ஊரிலிருந்து நேராகச் சித்தூருக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஆபீஸைத் திறந்தேன். அவர் ஆராதனையில் இருக்கும் நேரம் என்பது மனசில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஸ்டவ்வில் வச்சிரப் பசை காய்ச்சினேன். வண்டியை எடுத்து எறிந்துவிடத்தான் கையை விட்டேன். துவரம்பருப்பு வயிற்றோடு அவள் படுத்திருந்தாள், எறிய முடியவில்லை. அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கூரையை வைத்து நாலு பக்கமும் ஒட்டினேன். என் கை அக்காவின் கையில்லையே, பசை வழிந்து கூரையெல்லாம் கறை. கறையை மறைக்கக் கூரைமேல் இரண்டு கோட்டு வார்னிஷ் போட்டேன். பளபளவென்று வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தள்ளி நின்று பார்த்து ரசித்தேன்.

திங்கட்கிழமை என்ஜினியரின் காரில் மாடலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மே மாத வெயில் ஜன்னல் வழியாக மாடல்மேலேயே விழுந்துகொண்டிருந்தது. சித்தூரில் அக்கா முன்பே வந்து காத்திருந்தார். மேஜைமேல் மாடலைப் பார்த்தவர் அருகில் வந்து, கூரை விளிம்பில் கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கமிட்டியில் ஐந்து பேர். அவர்களோடு மருத்துவமனையின் மேட்ரன் அம்மா, எத்தனையோ ஆயிரம் பிரசவம் பார்த்தவர் என்று சொன்னார்கள். கூரையின் பளபளப்பை எல்லோரும் புகழ்ந்தார்கள். என்ஜினியர் பேசிக்கொண்டிருந்தபோது மாடலிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் பூசினால், காயும்போது அது பூசிய பக்கம் இழுத்துக்கொண்டு வளையும். அதனால்தான் அக்கா எந்த அட்டைக்கும் பின்பக்கமும் ஒரு கோட்டு பூசுவார். வருஷக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வெயிலில் முறுகிப்போன வச்சிரத்தால் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் கண்முன்னாலேயே கூரையின் ஒரு மூலை மெல்ல மேலே எழுந்தது.

மேட்ரன் அம்மா அந்த மூலையை விரலால் தூக்கினார். ஒரு பக்கம் முழுக்கப் பெயர்ந்து வந்தது. குனிந்து பார்த்தவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தூணில் இடித்துக்கொண்டு நின்ற வண்டியைச் சுண்டுவிரலால் தள்ளினார். இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார்.

"இது திரும்பாதே" என்றார்.

என்ஜினியரின் காது சிவந்துவிட்டது. அவர் மதராஸில் படித்தவர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார். எங்கள் இருவரையும் பார்த்து, "இதை மூடினது யாரு?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

"நான்தான் சார்" என்றார் அக்கா. "தூண் இடிக்குதுன்னு இவரு சனிக்கெழமையே சொன்னாரு. தெறந்து காட்டணும்னாரு. நான்தான் வார்னிஷ் போட்டு ஒட்டிட்டு ஊருக்குப் போயிட்டேன். தப்புதான்."

ஒரு மூலை பிசகினாலே பிரித்துப் போடுகிறவர், அந்த வழிந்த பசையையும் அந்த வார்னிஷையும் ஆறேழு பேர் முன்னால் தம் கைவேலை என்று ஏற்றுக்கொண்டார். மேட்ரன் அம்மா அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

கட்டடத்துக்கு நல்லதே நடந்தது. கமிட்டியார் ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். நான் தூணைச் சுவருக்குள் தள்ளி, வாசலை மூன்றடி நகர்த்தி, பன்னிரண்டு தாளும் திரும்பப் போட்டேன். சனிக்கிழமையே தப்பைக் கண்டுபிடித்தவன் என்ற பெயர் வேறு எனக்கு. 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் என் இனிஷியல் ஏறியது.

அக்காவுக்கு நடந்தது வேறு. அடுத்து வந்த சத்திர மாடலை மதராஸில் செய்யக் கொடுக்கப்போவதாக என்ஜினியர் அறிவித்தார். அக்காவின் கத்தி, உப்புத்தாள், அட்டை எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தம் மேஜைக்கு எடுத்துக்கொண்டார். அக்கா நாள் முழுக்க டிரேசிங் செய்தார். என்னோடு வழக்கம்போலப் பேசினார். நான் போட்ட திருத்தப் பிளானையும் அவர்தான் மையில் எடுத்தார், என் இனிஷியல் உட்பட. நான் தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று கிளம்புவேன். வேலை போனால் நகரிக்கு என்ன எழுதுவது என்று சாயங்காலம் திரும்பி வருவேன். மத்தியானச் சாப்பாட்டை அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல், வெளியே போவதாகப் பொய் சொல்லிக்கொண்டு தெருவில் நடந்தேன்.

எட்டாம் நாள் என்ஜினியரின் அறைக்குள் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வச்சிரம், வார்னிஷ், 'கட்டும்போது பாத்துக்கலாம்', ஒன்றையும் விடவில்லை. அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அந்தம்மா ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் போடுமா?" என்றார். "ஆறு வருஷமா அந்தக் கையைப் பாக்கறேன்யா. மேட்ரன் அம்மாவும் கார்கிட்ட வந்து, அந்தப் பொண்ணைத் திட்டாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அப்புறம் எதற்காக அக்காவின் வேலையைப் பிடுங்கினீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"நீ எத்தனை நாளைக்குப் பாத்துக்கினு இருப்பேன்னு பாத்தேன். சரேலே, சரி, போ." மேஜையைத் திறந்து அலமாரிச் சாவியை என் பக்கம் தள்ளினார். என்னைச் சோதிக்க அவரைத் தண்டித்தது அநியாயம்தான். ஆனால் அதைச் சொல்ல நான் யார்?

சாவியைக் கொண்டுபோய் அக்காவின் மேஜையில் வைத்தேன். என்ஜினியரிடம் சொல்லிவிட்டேன் அக்கா என்றேன். அவர் இழுத்துக்கொண்டிருந்த கோட்டை முடித்து, பேனா முனையைத் துணியில் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. என்னமோ கணக்குப் போடுகிறவர் மாதிரி இருந்தார்.

"எட்டு நாளா?" என்றார். "நான் மூணு நாளுன்னு நெனைச்சிக்கினு இருந்தேன் சார்."

எழுந்து அலமாரியைத் திறக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரோடு பல வருஷம் வேலை செய்தேன். அந்த மீதி ஐந்து நாளைப் பற்றி அவர் ஒருதரமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் இன்றுவரை ஒன்றும் இல்லை.